காலைதோறும் இடம் கொடுத்த நட்டு

என் தங்கையின் கணவரை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'இன்னொருதடவை வீடு எது?' என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவார். அங்கிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அப்படி இழுத்ததில் பூட்டு விட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம் வந்து, திறந்து மறுபடியும் பூட்டுவார். "நீங்க போய்க்கிட்டே இருங்க, இன்னொரு தடவை பாத்துட்டு வந்துடறேன்" என்று அவர் சொல்லாத நாளில்லை.

என் தங்கை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "எங்க வீட்டுக்குத் திருட வர்றவன் பாவம்ணே. இவரு எப்ப தூங்குவாருன்னு வாசல்ல உக்காந்து பாத்துப் பாத்து, அவனே தூங்கிடுவான்."

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. அவர் நகரத்துத் தண்ணீர் நிலையத்தில் வால்வு திறந்து மூடும் வேலை பார்த்தவர். பெரிய குழாய் உடைந்தால் பள்ளம் தோண்டி ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். இடுப்பளவு சேற்றில் நின்று, திறந்து கிடக்கும் குழாய் வாய்க்கு எதிரே முகத்தை வைத்து வேலை செய்வார்கள். அவர்களுக்கும் ஊரின் மொத்தத் தண்ணீருக்கும் நடுவே இருந்தது அவர் மூடிய வால்வு ஒன்றுதான். "மூடியாச்சா?" என்று கீழேயிருந்து குரல் வரும். "மூடியாச்சு" என்று பதில் சொல்லிவிட்டு, அந்த இரும்புச் சக்கரத்தைப் பிடித்து இன்னும் ஒரு முறுக்கு முறுக்குவார். அவர் வேலையில் இருந்தவரை பள்ளத்துக்குள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே, கூடுதலாக ஒரு முறுக்கு முறுக்கினால் யாருக்கும் கெடுதல் வராது என்று அவர் நம்பியதில் வியப்பில்லை.

ஓய்வு பெற்றபோது அவருக்கு மிஞ்சியது வலது மணிக்கட்டு வலி. உள்ளே நரம்பு நசுங்கியிருக்கிறது, இனி அந்தக் கையால் எதையும் அழுத்தி முறுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் அதை வீட்டில் சொல்லவில்லை. ஊறுகாய் பாட்டிலைத் திறக்கச் சொன்னால், "வேற வேலை இருக்கு" என்று நழுவிவிடுவார். ஏன் நழுவுகிறார் என்று எங்களுக்கு அப்போது புரியவில்லை.

அவர்களுக்கு மேட்டு நிலம் கொஞ்சம் உண்டு. வெங்காயம் போடுகிறார்கள். அதைப் பார்ப்பவள் என் தங்கை மகள். வாரம் ஒருமுறை டிராக்டருக்குப் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லரை மாட்டி, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, இறக்கத்தில் இறங்கிப் பாலத்தைத் தாண்டிச் சந்தைக்குப் போவாள். மண்வெட்டிக்குக் காம்பு போடுவது முதல் டிரெய்லர் சக்கரத்தை இறுக்குவது வரை பராமரிப்பு எல்லாம் அப்பாவின் பொறுப்பு. ஒவ்வொரு சக்கரத்தையும் ஐந்து போல்ட்டுகள் தாங்குகின்றன. ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு நட்டு. வலிக்கும் கையால் அவர் அவற்றை இறுக்கி வந்தார்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள், பஞ்சர் ஒட்டிய சக்கரத்தை மாட்டி, தன்னால் முடிந்த மட்டும் இறுக்கி, மகளுடன் டிராக்டரில் மட்கார்டு மேல் உட்கார்ந்து சந்தைக்குப் புறப்பட்டார். இறக்கத்தில் பாதி வழியில் ஒரு சக்கரம் அவர்களைத் தாண்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். தனியாக, நிதானமாக, நடுச்சாலையில் ஓடியது. "யாரோட சக்கரம்பா அது?" என்று மகள் கேட்டு முடிப்பதற்குள் டிரெய்லர் ஒரு பக்கமாகச் சரிந்து சாலையை உழுதது. சக்கரம் நிற்கவில்லை. பாலத்துக்கு முன்னாலிருக்கும் பள்ளிக்கூடத்தின் திறந்த கேட்டுக்குள் நுழைந்து, மைதானத்தைக் குறுக்கே கடந்து, சுவரில் மோதி, விழுவதற்கு முன் கொஞ்ச நேரம் தட்டு மாதிரி சுழன்றது. பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். மைதானத்தில் ஒருவரும் இல்லை.

அவர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் என் வீட்டுக்கு வந்து மணிக்கட்டு விஷயத்தை முதன்முதலாகச் சொன்னார். "நான் இறுக்குனது பத்தல மச்சான். எனக்குத் தெரியும் பத்தலைன்னு. இந்தக் கை இனிமே ஆகாது. அடுத்த வாட்டி அந்த மைதானத்துல பிள்ளைங்க இருந்தா? இல்ல, நம்ம பொண்ணே அடியில போயிட்டா?"

"அப்ப பேட்டரியில ஓடற இம்பாக்ட் ரெஞ்ச் ஒண்ணு வாங்கிடுங்க மாப்பிள்ளை. பஞ்சர் கடையில டர்ருன்னு கழட்டுவாங்களே, அது. குழாயும் வேண்டாம், காத்தும் வேண்டாம். பட்டனை அழுத்தினா போதும்."

இருவரும் சந்தைக்குப் பக்கத்திலிருக்கும் கருவிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார்.

"இது சின்னது, பைக்குக்கு, காருக்கு. இது நடுத்தரம், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஆகும். மூணு வேகம் இருக்கு, சின்ன நட்டுக்குச் சின்ன வேகம் வெச்சுக்கலாம். இது பெருசு, லாரிக்காரங்க வாங்கறது. ஆயிரம் நியூட்டன் மீட்டர்."

"அப்படின்னா?"

"முறுக்குற பலம்ங்க. ஸ்பேனருக்கு ஒரு மீட்டர் நீளத்துல கைப்பிடி போட்டு, அந்த முனையில ஒன்றரை ஆள் ஏறி நிக்கிற மாதிரி."

"அரை ஆள் எப்படிய்யா ஏறி நிப்பான்?" என்றேன்.

"என் மச்சினன் மாதிரி ஒருத்தன் நிப்பான்ங்க" என்றார் கடைக்காரர்.

நான் மூன்றையும் தூக்கிப் பார்த்தேன். நடுத்தரம் ஒரு கையில் அடங்கியது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டிரில்லின் பேட்டரியே அதற்கும் பொருந்தும். உள்ளே உரசித் தேயும் கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார், நாள்பட உழைக்கும். தலை அரை அங்குலச் சதுரம், அதில் மாட்டி நட்டைக் கவ்வும் சாக்கெட் எந்த அளவிலும் எங்கும் கிடைக்கும். பெரியதைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதற்கு வேறு பேட்டரி, வேறு சார்ஜர்.

என் தங்கை கணவர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. "எதுல இறுக்கினா கழலவே கழலாது?" என்று கேட்டார்.

"பெருசுதான். அதுல இறுக்கினதைக் கழட்டணும்னா அதையேதான் தூக்கிட்டு வரணும்."

கடையில் ஒரு கட்டையில் போல்ட் பதித்து வைத்திருந்தார்கள். அவர் பெரியதைத் தூக்கி, நட்டில் பொருத்தி, பட்டனை அழுத்தினார். கடையே அதிர்ந்தது. கையை எடுத்து மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலிக்கவே இல்ல மச்சான்" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை.

"மாப்பிள்ளை, நமக்கு நடுத்தரமே போதும்."

"போதும்தான் மச்சான். ஆனா கொஞ்சம் கூடுதலா இருந்தா என்ன கெட்டுப்போகும்?"

கடைக்காரர் கறுப்பு நிறச் சாக்கெட்டுகள் சிலவற்றைச் சேர்த்துக் கொடுத்து, "வீட்டுல இருக்கற பளபளப்பான சாக்கெட்டை இதுல போட்டுறாதீங்க, அடி தாங்காம தெறிச்சு கண்ணுல பாயும்" என்று எச்சரித்தார். அவருக்குத் தெரிந்த ஆபத்து அது. அதைச் சொல்லிவிட்டார்.

முதல் சில நாள் வீட்டில் எதுவும் தப்பவில்லை. கேட்டின் கீல், மோட்டார் பம்ப்பின் அடி போல்ட், கட்டிலின் கால் எல்லாம் டர்ரென்று அதிர்ந்தன. சாப்பாட்டு மேசையின் ஒரு கால் விரிந்து பிளந்தது. "என்னையும் சுவத்தோட சேத்து முடுக்கிடாதீங்க" என்றாள் என் தங்கை.

அதன்பிறகு அவர் டிரெய்லரோடு நின்றுகொண்டார். தினமும் காலையில் காபி குடிக்குமுன், அது நிற்கும் கொட்டகைக்குப் போய் பத்து நட்டையும் வரிசையாக ஒரு அழுத்து அழுத்துவார். அதிலிருந்துதான் புதிய பயம் தொடங்கியது.

ஒருநாள் காலை என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், யாரோ நட்டைத் தளர்த்துறாங்க."

"என்ன சொல்றீங்க?"

"பாருங்க." ரெஞ்சை ஒரு நட்டில் வைத்து அழுத்தினார். டர்ர் என்ற அதிர்வோடு நட்டு கொஞ்சம் திரும்பியது, கடிகார முள் நகர்வது போல. "நேத்து காலையில இதே நட்டை இனிமே திரும்பாதுங்கற அளவுக்கு இறுக்கினேன். இன்னிக்கு எப்படி இடம் கொடுக்குது? முந்தாநாளும் அப்படித்தான். எல்லா நட்டும் அப்படித்தான். தானா தளருமா? யாரோ கழட்டிவிடறாங்க."

"யாரு? எதுக்கு?"

"பக்கத்துத் தோட்டக்காரன் வரப்புத் தகராறுல மூஞ்சிய திருப்பிக்கிட்டுதானே போறான்."

பக்கத்துத் தோட்டக்காரர் எறும்பைத் தாண்டி நடக்கிற மனிதர். ஆனால் நட்டு திரும்பியதை நானே என் கண்ணால் பார்த்தேனே. அன்று மாலையே என் வீட்டுக் கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கினேன்.

அவர் கட்டிலைக் கொட்டகை வாசலுக்கு மாற்றினார். அப்போதும் காலையில் நட்டுகள் இடம் கொடுத்தன. காவலுக்குப் படுத்தும் இடம் கொடுத்தால் என்ன அர்த்தம்? வருகிறவன் காலடி ஓசைகூடக் கேட்காதவன் என்று அர்த்தம். கன்னம் ஒட்டிப்போய்விட்டது அவருக்கு. மகள் சந்தைக்குப் புறப்பட்ட பிறகும் மொபெட்டில் துரத்திக்கொண்டு போய், நடுவழியில் நிறுத்தி, வீல் ஸ்பேனரால் தட்டித் தட்டிப் பார்க்கத் தொடங்கினார். பின்னால் வருகிற வண்டிகள் ஹாரன் அடிக்கும். அவளுக்கு மானம் போய்விடும்.

"அப்பா, அந்த நட்டுக்கு வாய் இருந்தா அழும்பா" என்றாள் ஒருநாள். "இனிமே ரோட்டுல நிறுத்தச் சொன்னா நிறுத்த மாட்டேன். சொல்லிட்டேன். மாமா, நீங்களே சாட்சி."

"நிறுத்தாட்டியும் பரவாயில்ல, மெதுவா போ" என்றார் அவர்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளை எனாமல் பெயின்ட் கொஞ்சம் எடுத்து, ஒரு மெல்லிய தூரிகையால், ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரத்தின் இரும்பு வரை நேராக ஒரு கோடு போட்டேன். யாராவது நட்டைத் தொட்டால் கோடு முறியும். அவருக்கு யோசனை பிடித்திருந்தது. "பத்துக்கும் போட்டாச்சா? அந்த மூலையில இருக்கறது?" என்று கேட்டுக்கொண்டே என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

மறுநாள் சந்தை நாள். மூட்டைகளை முந்தின மாலையே ஏற்றிவைத்திருந்தார்கள். காலையில் நானும் அவரும் சக்கரத்தின் முன் குனிந்து பார்த்தோம். பத்துக் கோடும் நேராக, நான் வரைந்தபடியே இருந்தன.

"யாரும் தொடலை மாப்பிள்ளை."

அவர் இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "பெயின்டைப் பாத்துட்டு இன்னிக்கு வராம விட்டிருப்பான்."

"அப்பா! டிராக்டர் சூடாயிடுச்சு, நான் கிளம்பறேன்" என்று மகள் மேலேயிருந்து கத்தினாள்.

"ஒரு நிமிஷம்மா. ரெஞ்ச் கையிலதான் இருக்கு, ஒரு சுத்து வந்துடறேன்."

டர்ர், டர்ர் என்று நட்டு நட்டாகப் போனார். கோடுகள் ஒவ்வொன்றாக முறிந்து விலகின. கோடு போட்ட காரணமே அவருக்கு மறந்துவிட்டதோ என்று நான் நினைத்துக்கொண்டேன். இடப்பக்கச் சக்கரத்தில் கடைசி நட்டுக்கு வந்தபோது மகள் கியரைப் போட்டுவிட்டாள். "போதும்பா, தள்ளுங்க!" அடித்துக்கொண்டிருந்த ரெஞ்ச் சட்டென்று அடியை விட்டு உய்யென்று வெறுமனே சுழன்றது. அவர் ரெஞ்சை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார். டிரெய்லர் நகர்ந்து, கேட்டைத் தாண்டி, சாலையில் ஏறியது.

நாங்கள் சமையலறைக்கு வந்தோம். என் தங்கை காபி வைத்தாள். அவர் வழக்கம்போல ரெஞ்சை மேசையில் வைத்து, துணியால் துடைத்து, சாக்கெட்டைக் கழற்றிக் கவிழ்த்தார். அதிலிருந்து ஏதோ மேசைமேல் விழுந்து உருண்டு, காபிக் கோப்பையில் இடித்து நின்றது.

ஒரு நட்டு. அதன் வயிற்றுக்குள் போல்ட்டின் நுனி இருந்தது. நட்டோடு அறுந்து வந்திருந்தது. நான் எடுத்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் ஒரு பாதி பழுப்பாகத் துருவேறியிருந்தது. மறுபாதி இப்போதுதான் அறுந்த வெள்ளை. அந்தப் போல்ட் பாதி அறுந்த நிலையிலேயே சில நாள் ஓடியிருக்கிறது.

அவர் அதை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். பிறகு, "மத்த ஒன்பதும் இதே மாதிரிதான் மச்சான். ஒரே மாதிரிதான் இறுக்கினேன்" என்றார்.

என் தங்கை போனை எடுத்து மகளை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. டிராக்டர் ஓட்டும்போது அவள் போனை சீட்டுக்கடியில் கருவிப்பெட்டிக்குள் போட்டுவிடுவாள். என்ஜின் சத்தத்தில் கேட்காது. "எடுக்க மாட்டேங்கறாண்ணே" என்று சொல்லிவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுபடியும்.

நான் என் ஸ்கூட்டரை எடுத்தேன். அவர் பின்னால் ஏறி என் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தார்.

சாலை, செங்கல் அடுக்கிய சூளையைத் தாண்டி, பம்ப் அறையைத் தாண்டி, சமமாகத்தான் போகும். பிறகுதான் இறக்கம். பம்ப் அறை வரை டிரெய்லரைக் காணவில்லை. கழன்ற சக்கரம் எங்காவது ஓரத்தில் கிடக்கிறதா என்று அவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார். "வயல்ல ஏதோ கறுப்பா இருக்கு மச்சான்" என்றார். அது ஓர் எருமை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இறக்கம் தொடங்கும் இடத்தில் அவளைப் பிடித்தோம். பின்னாலிருந்து பார்த்தபோது அந்த இடப்பக்கச் சக்கரம் நேராக ஓடவில்லை. குடித்தவன் தலை மாதிரி உள்ளும் புறமும் ஆடியது. நான் ஹாரனை விடாமல் அழுத்தினேன். அவர் என் தோளுக்கு மேலே எழுந்து கையை ஆட்டினார்.

"நிறுத்து! நிறுத்தும்மா!"

அவள் கண்ணாடியில் பார்த்தாள். அப்பா, ஸ்கூட்டர், ஹாரன். எப்போதும் நடப்பதுதான். இடது கையை உயர்த்தி, 'போங்கப்பா' என்பது போல் விசிறிவிட்டு, நிற்காமல் போனாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

"அவ நிக்க மாட்டா" என்றார் அவர். "முன்னாடி போங்க மச்சான். அந்தச் சக்கரத்துப் பக்கமா வேண்டாம், இந்தப் பக்கமா."

மூட்டைகளின் நிழல் எங்கள்மேல் விழ, டிரெய்லரை உரசியபடி முந்தினேன். அது எந்த நொடியில் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது. மகளின் காலடிக்கு நேராக வந்தபோது அவள் எங்களைப் பார்த்து ஏதோ கத்தினாள், கேட்கவில்லை. முந்தியதும் நான் பிரேக்கில் கை வைத்தேன்.

"இங்க வேண்டாம்! இன்னும் போங்க. கிட்ட நிறுத்தினா அவ அழுத்திப் பிரேக் போடுவா. பிரேக் போட்டா சக்கரம் போயிடும். தள்ளி, தள்ளி."

கீழே பள்ளிக்கூடக் கேட் தெரிந்தது. மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். காலை வழிபாட்டு நேரம் அது.

அவர் அதைப் பார்த்தார். நான் நிறுத்துமுன்பே இறங்கிவிட்டார். சாலையின் நடுவே போய் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் தரையைப் பார்த்து விரித்து, மெல்ல, மெல்ல என்று கீழே அழுத்திக் காட்டினார். எந்தக் கருவியும் இல்லை, வெறும் கை. வாய் திறந்திருந்தது, கத்தவில்லை. மூட்டை ஏற்றிய வண்டி இறக்கத்தில் அவரை நோக்கி வந்தது. அவர் விலகவில்லை.

"அப்பா கையில ஸ்பேனரைக் காணோம்னு பாத்தப்பதான் எனக்குத் திக்குன்னுச்சு" என்று அவள் பிறகு சொன்னாள். பிரேக்கை அழுத்தாமல் கியரைக் குறைத்து, குறைத்து, என்ஜினின் இழுப்பிலேயே வண்டியை அடக்கினாள். அவர் சட்டைப் பொத்தானைத் தொடும் தூரத்தில் டிராக்டர் நின்றது.

நான் ஓடிப்போய்ச் சாலையோரக் கற்களைச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தேன். அவள் இறங்கி வந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள். ஒரு போல்ட் இருந்த இடத்தில் குட்டை முனை மட்டும் நின்றது. பக்கத்து நட்டை விரலால் தொட்டாள். அது அறுந்த போல்ட் நுனியோடு அவள் உள்ளங்கையில் விழுந்தது, பழுத்த பழம் மாதிரி. அடுத்ததைத் தொடக் கையை நீட்டி, இழுத்துக்கொண்டாள்.

"தொடாத" என்றேன்.

"தொடலை மாமா" என்றாள். அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாலத்துக்குப் பக்கத்திலிருக்கும் பஞ்சர் கடைக்காரரை நான் போய் அழைத்து வந்தேன். ஒல்லியான மனிதர், காதில் பென்சில் செருகியிருப்பார். தன் வேனில் ஜாக்கியும் புது போல்ட்டுகளும் எடுத்து வந்தார். ஜாக்கியில் டிரெய்லரைத் தூக்கி, மிஞ்சிய நட்டுகளைக் கழற்றி, சக்கரத்தை இறக்கினார். பழைய போல்ட் ஒன்றைத் தட்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்க பாருங்க. இடுப்பு சிறுத்துப்போச்சு. மரை இங்க நெருக்கமா இருக்கு, இங்க விலகியிருக்கு. மிட்டாய இழுத்த மாதிரி இழுத்திருக்கீங்க. யாரு இறுக்கினது?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

"நான்தான்" என்றார் என் தங்கை கணவர். "ஆயிரம் நியூட்டன் மீட்டர்ல."

"எத்தனை தடவை?"

"தினமும்."

பஞ்சர் கடைக்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, மறுபடி அதே காதில் வைத்தார். "தினமுமா! ஐயா, இந்த நட்டுக்கு அதுல கால்வாசி போதும்யா."

"தினமும் காலையில கொஞ்சம் திரும்புச்சே. தளர்ந்திருந்தாதானே திரும்பும்?"

"நட்டு தளரல. நீங்க அழுத்த அழுத்த போல்ட் நீண்டுக்கிட்டே வந்துச்சு. நீளமான அளவுக்கு நட்டு உள்ள போச்சு. இரும்பு ஒரு அளவு வரைக்கும்தான் இழுத்தா திரும்ப வரும். அதுக்கு மேல போனா போனதுதான்."

அவர் அந்தச் சிறுத்த போல்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். கட்டைவிரலால் அந்த இடுப்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப கொட்டகைக்கு யாரும் வரலியா?"

"யாரு வரணும்?" என்றார் கடைக்காரர்.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறிவிட்டது. "யாரும் வரலப்பா. நீங்க மட்டும்தான் வந்தீங்க" என்றாள். அவர் அவள் பக்கத்தில் போய் நின்றார். தொடத் துணியாதவர் போல் கையைத் தூக்கி, பிறகு அவள் தலைமேல் வைத்தார்.

கடைக்காரர் மறுபக்கத்துச் சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார். அங்கும் மூன்று போல்ட்டுகள் நீண்டிருந்தன. பத்தையும் மாற்றினார். புது நட்டுகளைக் கையால் ஏற்றி, நீளக் கைப்பிடி போட்ட ஒரு ரெஞ்சை மகளிடம் கொடுத்தார். அளவை அதிலேயே திருகி வைத்துக்கொள்ளலாம். அந்த அளவு வந்ததும் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும்.

"டக்குன்னா நிறுத்திடணும். பேட்டரி ரெஞ்சை வீசிட வேண்டாம், கழட்டறதுக்கு வெச்சுக்குங்க. துரு பிடிச்சதைக் கழட்டத்தான் அவ்வளவு பலம் வேணும். இறுக்கணும்னா சின்ன வேகத்துல நட்டை ஓடவிட்டுட்டு, கடைசியில இதை எடுங்க. உங்க வீட்டுக்கு நடுத்தரமே எதேஷ்டம். யாருய்யா இந்தப் பூதத்தை வாங்கச் சொன்னது?"

"மச்சான் நடுத்தரம்தான் சொன்னாரு" என்று என் மானத்தைக் காப்பாற்றினார் அவர்.

மகள் ஒவ்வொரு நட்டாக இழுத்தாள். டக். டக். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தோள் குலுங்கியது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்."

"இது பத்துமா?"

"பத்தும்யா. சந்தைக்குப் போனதும் இதே ரெஞ்சால ஒரு தடவை சரிபாருங்க. புது போல்ட் கொஞ்சம் ஓடினா படியும்."

அவர் முகம் மலர்ந்தது. "பாக்கலாமா?"

"ஒரே தடவை" என்றார் கடைக்காரர். "இந்தப் பொண்ணு பாக்கட்டும். நீங்க பக்கத்துல நில்லுங்க."

ஜாக்கியை இறக்கினார்கள். கற்களை எடுத்தார்கள். கீழே இடைவேளை முடிந்த மணி அடித்து, பிள்ளைகள் மறுபடி வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். மகள் ஏறி என்ஜினை முடுக்கினாள். கியரைப் போடாமல் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, சொல்லுங்க. போகலாமா?"

அவர் சக்கரத்தைப் பார்த்தார். இறக்கத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வலது கை இடது கையைப் பிடித்திருந்தது, வலிக்கும் என்பதுகூட நினைவில்லாமல்.

"நீங்க சொன்னாதான் எடுப்பேன்."

பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

"போ" என்றார்.

டிராக்டர் நகர்ந்ததும் ஓடிவந்து என் பின்னால் ஏறினார். "விடாம பின்னாலயே போங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு, நெற்றியை என் முதுகில் அழுத்திக்கொண்டார். கண்ணை மூடியிருக்கிறார் என்று தெரிந்தது.

"சக்கரம் இருக்கா?"

"இருக்கு மாப்பிள்ளை."

"ஆடுதா?"

"ஆடல."

பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டினோம். பாலத்தின் மேல் ஏறினோம்.

"இப்ப இருக்கா?"

"இருக்கு."

சந்தை வரை நான் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.